வீடு திரும்பாத மிதியடி

ஆழ்ந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவிக்கிறேன்: நம் அடுக்ககத்தில் வாசல் மாறிப்போன கால்மிதியடிகள் அனைத்தும், ஒன்றே ஒன்றைத் தவிர, நலமாக வீடு திரும்பிவிட்டன!

மின்விசிறியைத் தம் பக்கமே திருப்பி வைத்திருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! சாய்ந்து உட்காரச் சுவரோரம் இடம்பிடித்த சான்றோர்களே! என்னைக் கண்டதும் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்ட தாய்மார்களே! தலை தாழ்ந்த வணக்கம்.

குடியிருப்போர் விழாவில் எனக்குத் தந்த தலைப்பு, 'அவப்பெயர்'. இதைப் பேச என்னைவிடத் தகுதியானவர் உண்டா? என்ன அண்ணா, "இல்லவே இல்லடா வாலு"வா? நன்றி! ஆறு மாடி மிதியடிகளையும் ஒரே மாலையில் இடம் மாற்றியவன் என்று என்னைச் சுட்டாத விரல் உண்டா? பேசாத வாய் உண்டா? லிஃப்டில் ஏறினால் "இவன்தான், இவனேதான்!" நெஞ்சு நிமிர்ந்தது. நடை மாறியது. தலைமுடிகூடத் தனியாகச் சிலிர்த்தது!

ஆனால் அவையோரே, குழப்பமும் அங்கேதான். புகழ் என்றால் என்ன? நாலு பேர் நம் பெயரைச் சொல்வது. அவப்பெயர் என்றால்? அதே நாலு பேர், அதே பெயரை, அதே வாயால் சொல்வது! வித்தியாசம் எங்கே? அகராதியைப் புரட்டினேன். 'கெட்ட பெயர்' என்றது. கெட்டுப்போக, பெயர் என்ன பசும்பாலா? தலைவர் ஐயா, மணியைத் தொடாதீர்கள். குழம்பியவனுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள்!

முந்தாநாள் இரண்டாம் மாடிப் பாப்பாவுக்குப் பிறந்தநாள். என் தங்கை புதுக் கவுன் மாட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. படிக்கட்டில் ஒரு குரல் மட்டும் கேட்டது: "அந்தப் பையனோட தங்கச்சியா? எதுக்குங்க வம்பு?"

"அண்ணா, நான் என்ன பண்ணேன்?" என்றாள்.

அவையோரே! என் பெயரைச் சொன்னதும் அவள் முகத்துக்கு நேரே ஒரு கதவு மூடுகிறதே, அதுதான் அவப்பெயர்! வாங்கியவன் நான், சுமப்பவள் அவளா?

ஆகவே... எப்படிச் சொல்வது... மிதியடிகளை மாற்றியது நான் இல்லை.

"புளுகாதடா"வா, செயலாளர் மாமா? ஜன்னலை உடைக்கலைன்னு போன மாசம் நிஜத்தைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பல. மிதியடிக்கு 'ஆமா'ன்னு புளுகினேன், ஊரே நம்புச்சு! யார் மாற்றினார்கள் என்று சத்தியமாக எனக்கும் தெரியாது. அன்று மாலை நான் கணக்கு டியூஷனில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பொறுத்துக் கேட்ட நல்ல உள்ளங்களுக்கு நன்றி. என் தங்கையை விளையாடக் கூப்பிடுங்கள். அப்படியே, வீடு திரும்பாத அந்த மிதியடி எங்களுடையது. பச்சை நிறம், ஓரம் கிழிந்தது. பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா இன்னும் என்னைத்தான் சந்தேகப்படுகிறார். வணக்கம்!