பக்கத்துல நடக்குறவங்க

— நிறுத்துங்க தம்பி. அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க.

— எதுக்குக்கா? நல்லாத்தானே வந்திருக்கு? குதிரை திரும்புது, உங்க பையன் சிரிக்கிறான், பின்னாடி வெயில். இந்த மாதிரி உடம்பு முடியாத பிள்ளைங்களுக்குக் குதிரைச் சவாரி எவ்வளவு உதவுதுன்னு ஊருக்குக் காட்ட இதைவிட நல்ல ஷாட் கிடைக்காது.

— சிரிப்பை நான் வீட்லயே பாத்துக்கறேன். பக்கத்துல நடக்குறவங்க எங்கே?

— யாருக்கா?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. குதிரைக்கு முன்னாடி ஒருத்தர் கயித்தைப் பிடிச்சு நடக்கணும். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், பிள்ளையோட தொடைமேல கை வச்சபடி கூடவே வரணும். அதுதான் இந்த மையத்துச் சட்டம். சனிக்கிழமையானா அதுல ஒரு கை என் கை. உங்க படத்துல கயித்தைப் பிடிச்சவர் இருக்கார். மத்த ரெண்டு பேரையும் காணோம்.

— ஓ, அதுவா? அழிச்சுட்டேன்க்கா.

— அழிச்சீங்களா?

— கம்ப்யூட்டர்லதான். நன்கொடை தர்றவங்க பாக்குற படம். பிள்ளை தனியா ஓட்டுற மாதிரி தெரிஞ்சா நல்லா இருக்கும்ல? இப்பல்லாம் அது சின்ன வேலைக்கா.

— சின்ன வேலைதானே, அழிக்காத படத்தைக் காட்டுங்க.

— அது... அது வேற டிஸ்க்ல இருக்கு. வீட்டுல.

— அப்ப மேசைமேல கிடக்குற கறுப்புப் பெட்டி என்ன, மிட்டாய் டப்பாவா?

— அக்கா, ரொம்பக் கோவமா இருக்கீங்க. டீ சொல்லவா?

— டீயும் வேணாம், தண்ணியும் வேணாம். தரையைப் பாருங்க. குதிரை நிழல் விழுது, என் பிள்ளை நிழல் விழுது. ஆளை அழிச்சீங்க, சரி. நிழலையும் குனிஞ்சு பொறுக்கினீங்களாக்கும்?

— நிழலையும் எடுக்கணும்க்கா. இல்லன்னா அசிங்கமா இருக்கும்.

— எனக்குக் காது குத்தாதீங்க தம்பி. படம் எடுக்குற அன்னைக்குப் பெத்தவங்க வரவேணாம்னு சொன்னப்பவே உறுத்துச்சு. அம்மாவைப் பாத்தா பிள்ளைங்க கேமரா பக்கம் திரும்பாதாம். நானும் மண்டையை ஆட்டினேன். உங்களுக்கு நல்ல ஷாட் வேணும்னு என் பிள்ளையைத் தனியா விட்டுட்டீங்க. அப்படித்தானே?

— ஐயோ, நான் குதிரைப் பக்கமே போகமாட்டேன்க்கா, எனக்குப் பயம். எதுவா இருந்தாலும் டீச்சரைக் கேளுங்க. இதோ, அவங்களே வந்துட்டாங்க. டீச்சர், நான் ஒண்ணும் சொல்லல!

— சொல்றதுக்கு என்ன இருக்கு? ஏம்மா நின்னுக்கிட்டு இருக்கீங்க? அந்தச் சேணத்தைத் தள்ளி வச்சுட்டு உக்காருங்க.

— உக்கார வரல டீச்சர். பக்கத்துல நடந்த ரெண்டு பேரையும் அழிச்சதா இவர் சொல்றார். உண்மையா?

— அழிச்சேன்னா சொன்னான்?

— அவர் மூஞ்சியைப் பாக்க வேணாம். என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— சரி, சொல்றேன். அழிக்கல. அங்க அழிக்க யாரும் இல்ல.

— கடவுளே!

— பதறாதீங்கம்மா. ரெண்டு எட்டு பின்னாடி வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, படத்துல விழல. கை மட்டும் வைக்கல. கேமராவுக்காக செஞ்சதும் இல்ல. புதன்கிழமை வகுப்புல கொஞ்சநாளாவே அப்படித்தான் பழக்குறோம். தொடையில இருந்த கையை முதல்ல கணுக்காலுக்கு இறக்கினோம். அப்புறம் சும்மா பக்கத்துல நடந்தோம். அப்புறம் பின்தங்கினோம். துரை கம்பீரமா உக்காந்துட்டார்.

— துரையும் இல்ல, மகராசாவும் இல்ல. போன வருஷம் குளியலறையில விழுந்து இடுப்புல ஆபரேஷன் ஆன பிள்ளை. துண்டு எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அவனை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விட்டிருக்கீங்க.

— உங்ககிட்ட கேக்காதது தப்புதான். புதன்கிழமை கூட்டிட்டு வர்ற அவங்க அப்பாகிட்ட கேட்டோம்.

— அவருக்கும் தெரியுமா? ராத்திரி பக்கத்துல உக்காந்து சாப்பிடுற மனுஷன், வாயே திறக்கலையே! எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க.

— அப்படி இல்லம்மா...

— வேற எப்படி? இன்னும் பொய்தான் சொல்றீங்க. அவனால நேரா உக்காரவே முடியாது. போன சனிக்கிழமை நான் கையை லேசா எடுத்துப் பாத்தேன். மூட்டை மாதிரி என் பக்கம் சரிஞ்சான். என் கண்ணால பாத்தது பொய்யா, இந்தத் திரையில ஓடுறது பொய்யா?

— ரெண்டும் பொய் இல்ல. தம்பி, அந்த ஆடியோவைப் போடு.

— டீச்சர், வேணாமே. போடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.

— யாருக்கு? என்ன சத்தியம்? இன்னும் என்னத்தை ஒளிச்சு வச்சிருக்கீங்க?

— உங்க பையனுக்குத்தான்க்கா. சட்டையில மைக் குத்தியிருந்ததை மறந்துட்டுப் பேசிட்டான். இறங்கினதும் ஞாபகம் வந்து, அம்மா கேட்டுடக்கூடாது, வெட்டிடுங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நீங்க துருவினா அது காதுல விழுந்துடுமோன்னுதான் ‘அழிச்சேன்’ அது இதுன்னு உளறினேன்.

— போதும். என்கிட்ட மறைக்கக் கத்துக்கொடுக்குற இடத்துக்கு என் பிள்ளை இனிமே வரமாட்டான். பையை எடுங்க, நான் கிளம்புறேன்.

— நிறுத்துறது உங்க இஷ்டம்மா, நான் தடுக்கல. ஆனா இதைக் கேட்டுட்டு நிறுத்துங்க. போடுப்பா.

— கேளுங்கக்கா. முதல்ல வர்றது டீச்சர் குரல்.

— “ஏன் துரை, இன்னைக்கு இவ்வளவு ஜம்முனு உக்காந்திருக்கே, சனிக்கிழமை மட்டும் எதுக்கு அம்மா மேல சாயுறே?”

— “நான் நேரா உக்காந்துட்டா, அம்மா எதைப் பிடிச்சுக்குவாங்க டீச்சர்?”