டோபோல்காவை விட்டுப் போகாதவன்

இந்தத் தேநீரில் ஒரு துண்டு எலுமிச்சை போட்டிருக்கலாம். பரவாயில்லை, சூடாக இருக்கிறது. மே மாத மழைக்கு அது போதும். எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, நான் நிதானமாகவே சொல்கிறேன். முதலில் மியெடெக்கைக் கூப்பிட்டு விசாரிப்பதை நிறுத்துங்கள். எங்கள் மைதானத்தில் புல் வெட்டுவதும் கோடு போடுவதும் அவன்தான். குடிப்பான், உண்மைதான். போதையில் சுண்ணாம்பை மாற்றிப் போட்டுவிட்டான் என்று ஊர் பேசுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அதையே கிளப்பின் வரலாற்றிலும் அச்சடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் புத்தகத்தை எழுதுகிறவன் நான். பொய்யை எழுதிவிட்டு அடியில் என் பெயரைப் போட முடியாது.

எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப் இஸ்க்ரா டோபோல்காவுக்கு இந்தக் கோடையில் எழுபத்தைந்தாவது ஆண்டு விழா. போர் முடிந்த கையோடு, எரிந்துபோன மாவு மில்லின் உத்தரங்களை அறுத்துக் கோல் கம்பம் நட்டவர்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். எங்கள் பையன்கள் பகலில் மர அறுவை ஆலையில் வேலை செய்து, சாயங்காலம் பயிற்சிக்கு வருவார்கள். கிளப் கொடுக்கும் சம்பளம் பெட்ரோலுக்குக் காணும், அவ்வளவுதான். நான் மேலாளர். சட்டைகளைத் துவைக்கக் கொடுப்பது, பேருந்து பிடிப்பது, நடுவருக்குச் சூப் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒழிவே இருந்ததில்லை.

எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி முடிந்தது. நல்ல இடதுகால் ஆட்டக்காரன் ஒருவன் சிலேசியாப் பக்கத்து நிலக்கரிச் சுரங்க அணிக்குப் போனான். இன்னொருவன் ஜெர்மனிக்குக் கூரை வேயப் போனான். வேறொருவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் பரம எதிரியான ஊருக்கே போனான். அவன் அப்பா அதற்குப் பிறகு தேவாலயத்தில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார். வளர்த்துவிட்டவர்களை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு புத்தகம் அப்படி முடியக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

டிமோன் எங்கள் கோல்கீப்பர். அப்பன் நார்வேக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அம்மா யாத்விகா ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள். அவனுக்கு முதல் கையுறை வாங்கிக் கொடுத்தது நான். கண்ணை இமை காப்பதுபோல் என்பார்களே, அப்படித்தான் காத்தேன். சிறுவயதில் அவனுக்குக் கண் அடிக்கடி சிவந்து நீர் வடியும். யாத்விகா அவனை மாதா கோயில் ஊற்றுக்குக் கூட்டிப்போய் அந்தத் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டாள். சரியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அவன் கோல் கோட்டின் நடுவில் மண்டியிடுவான். பந்து வழுக்காமலிருக்க நனைத்த கையுறைகளைக் கோட்டில் வைத்து எடுப்பான். சிலுவை போடுவான். பிறகு இரண்டு கையாலும் கண்களை ஒற்றிக்கொள்வான். எங்கள் ஊரில் இதைக் கேலி செய்யாதவர்கள் இல்லை.

போன அக்டோபரில் ஒருநாள் பயிற்சி முடிந்து என்னிடம் வந்தான். முகம் பூராவும் சிரிப்பு.

"மாமா, ஞாயித்துக்கிழமை பெரிய கிளப்புல இருந்து ஆள் வர்றாரு. என்னைப் பார்க்கத்தான். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"இங்க உனக்கு என்னடா குறை?" என்றேன்.

"குறையெல்லாம் இல்ல மாமா. ஆனா இங்கயே கிடந்தா மரத்தூளத் தின்னே சாகணும். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்."

சந்தோஷம்தான் என்று சொல்லி அவன் தோளில் தட்டினேன்.

அந்த ஞாயிறு ஊர் மொத்தமும் பூசையில் இருந்தது. ஆப்பிள் மரங்களின் அடியில் பூசுவதற்காக வீட்டில் நீற்றாத சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தேன். தண்ணீர் பட்டால் அது எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கும் தெரியும். மியெடெக் போட்ட கோட்டில், கோலுக்கு நடுவே, கொஞ்சதூரம் சுரண்டிவிட்டு இதைத் தூவினேன். கோடு லேசாகக் கோணிவிட்டது; அது இன்றும் மனசை உறுத்துகிறது. நான் பூசை தவறவிட்ட ஞாயிறு அது ஒன்றுதான். அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று பங்குத்தந்தை கேட்கவில்லை.

வானம் கறுத்திருந்தது. மழை முந்திக்கொண்டால் சுண்ணாம்பு அங்கேயே நீறிப்போகும். நான் வேலியோரம் நின்று மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கிளப்பின் ஆள் வாட்டிய சாசேஜைக் கடுகுச் சாந்தில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அணிகள் மைதானத்துக்குள் வந்தன. பாதி வழியில் டிமோன் நின்று பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். இன்றைக்குக் கும்பிடாமல் விட்டுவிடுவானோ என்று பயந்தேன். அவன் என்னைத்தான் தேடியிருக்கிறான். கையை ஆட்டினேன். அவனும் ஆட்டிவிட்டு, கையுறைகளில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மண்டியிட்டான்.

முதலில் கண்ணைச் சிமிட்டினான். மறுபடியும் அதே ஈரக் கையுறையால் தேய்த்தான். நடுவர் விசில் ஊதிவிட்டார். தூரத்திலிருந்து ஒரு சப்பைப் பந்து உருண்டு வந்தது, அவன் கைக்குப் பக்கத்திலேயே கோலுக்குள் போயிற்று. கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "கண்ண எங்கடா வெச்சிருக்க?" எல்லாரும் சிரித்தார்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, நானும் சிரித்தேன்.

பிறகு அவன் விழுந்தான். அவன் போட்ட சத்தம் ஆலை வரைக்கும் கேட்டதாம். "மாமா, தண்ணி," என்றான். வேறு யாரையும் கூப்பிடவில்லை. நான்தான் முதலில் ஓடினேன். நிறையத் தண்ணீரை விடாமல் ஊற்றியிருந்தால் ஒரு கண்ணாவது தேறியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். ஒரு கண்ணோடும் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்கிற கிளப்புகள் இருக்கின்றன. அதனால் துண்டை நனைத்து, மெதுவாக, அவன் தலையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை யாரையும் தொட விடவில்லை.

யாத்விகா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள் ஐயா. "நீங்க மட்டும் இல்லன்னா இவனுக்கு யாரு இருக்கா?" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

இப்போது ஞாயிறுதோறும் நான் அவனை வீட்டிலிருந்து கைப்பிடித்து அழைத்து வருகிறேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவான். பந்து எங்கே இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்பான். போன வாரம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனம் நெகிழ்ந்திருப்பான்.

அதனால் புத்தகத்தில் மியெடெக்கைப் பற்றிய வரியை மட்டும் அடித்துவிடுகிறேன், உங்கள் தாளில் அவன் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், லுத்விக் என்று. புத்தகத்தின் கடைசி வரியை மாற்ற வேண்டியதில்லை. 'எல்லாரும் போனார்கள், டிமோன் மட்டும் எங்கள்மேல் வைத்த பாசத்தால் போகவில்லை' என்று இருக்கிறது. அதில் பிழை எதுவும் இல்லை.