இத்தா இருந்த கம்ப்யூட்டர்

அக்கரைப்பற்று பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். நிந்தவூர் தாண்டியதும் மூத்தவர் சொன்னார்:

"எங்கட ஊட்டுக் கம்ப்யூட்டரும் என்னோட சேந்து இத்தா இருந்திச்சு, தங்கச்சி."

"என்ன ராத்தா கதைக்கிறீங்க?"

"என்ட புருசன் மௌத்தாகிக் கண்ண மூடின அண்டு, அவர் பாதி அடிச்ச கடிதம் ஒண்டு அதுல திறந்து கிடந்திச்சு. வாய்க்கால் தண்ணி கேட்டு எழுதினது. நான் வெளிய போகாம துக்கம் காத்து இத்தா இருந்த நாலு மாசமும் பத்து நாளும் அத மூட எனக்கு மனம் வரல்ல. ஒவ்வொரு நாளும் அப்டேட் போடச் சொல்லிக் கேக்கும். போட்டா கம்ப்யூட்டர் நிண்டு கடிதம் மூடிரும் எண்டு நான் 'பிறகு' எண்டத்த அமத்திருவன்."

"அது ஆபத்து ராத்தா. வைரஸ் பூந்தா எல்லாம் போயிரும்."

"மவளும் அதத்தான் சொன்னாள். அவர்ர போட்டோ எல்லாம் அதுக்குள்ளதானே. இத்தா முடிஞ்ச அடுத்த நாள் மவள் கடிதத்தச் சேவ் பண்ணித் தந்தாள், நான் அப்டேட்ட அமத்தினன். ஒரு மணித்தியாலம் ஓடிச்சு. பக்கத்துலயே ஓதிக்கிட்டு இருந்தன்."

"ஒண்டும் அழியல்லயே?"

"இல்ல. எல்லாம் இரிக்கி."

மூத்தவர் வெளியே வயலைப் பார்த்தபடி சொன்னார்:

"முந்தி அறைக்குள்ள போனா அந்தக் கடிதம் தானா முன்னுக்கு நிக்கும். இப்ப நானாத்தான் திறக்கணும். இன்னும் திறக்கல்ல."