எல்லார் தலையிலும் மஞ்சள்

குளிருக்குத் தொப்பி பின்னுவது பெரிய வித்தையில்லை. காது மறைய வேண்டும், அவ்வளவுதான். என் இயந்திரத்தில் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, கம்பளி நூல் வட்டமாகப் பின்னிக்கொண்டு குழாய் போலக் கீழே இறங்கும். ஒரு முனையைச் சுருக்கிக் கட்டி, மறுமுனையை மடித்துவிட்டால் தொப்பி. கடைகளுக்குப் பின்னிக் கொடுத்துக்கொண்டு, நானும் அக்காவும் அந்தக் குடியிருப்பில் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தோம். எங்களை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

இந்தக் குளிர்காலத்தில் கட்டடத்து பாய்லர் படுத்துவிட்டது. வெந்நீர்க் குழாய் வழியாக வீடுகளுக்கு வரும் சூடு நின்றுபோனது. உரிமையாளர் இதோ அதோ என்று போக்குக் காட்டினார். மாடிப்படியில் கூடிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக நான் சொன்னேன்: "எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி போட்டுக்கிட்டு அவர் வாசல்ல போய் நிப்போம். பாக்கிறவங்க என்னன்னு கேப்பாங்கல்ல?"

பற்றிக்கொண்டது. தையல்காரம்மா, பால்காரர், கல்லூரிப் பெண்கள், எல்லார் தலையிலும் மஞ்சள். பக்கத்துத் தெருக்காரர்களும் கேட்டு வந்தார்கள். பிள்ளைகள் என்னைத் 'தொப்பி மாமா' என்றார்கள். ஒரு பஸ் டிரைவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, தன் தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்துக்கொண்டே சுற்றினேன், சுற்றிக்கொண்டே சிரித்தேன். இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போதுகூடச் சிரிப்பு வந்தது.

பிறகு உரிமையாளர் பணிந்துவிட்டார். மெக்கானிக் வந்து பாய்லரைச் சரிசெய்தார். எதிர்வீட்டம்மா தொப்பியை மடித்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே எதுக்குங்க இது? போட்டா வேர்க்குது."

நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

அன்று மதியம் அடித்தளத்துக்குப் போனேன். பழைய அலமாரிக்குப் பின்னால், மேலே போகும் வெந்நீருக்கு ஒரு வால்வு இருக்கிறது. அதை மூடி, கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்து நூல்கூடையில் போட்டேன். பாய்லர் ஜம்மென்று ஓடியது, சூடுதான் மேலே வரவில்லை. உரிமையாளர் சத்தியம் செய்து பார்த்தார். யார் நம்புவார்கள்? கூட்டம் இரண்டு மடங்கானது. திரும்பி வந்த தொப்பிகளெல்லாம் மறுபடி தலையேறின. பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்காத குறைதான்.

அக்காவுக்கு நெஞ்சுச்சளி, பழைய தொல்லை.

"டேய், குழாய் சில்லுன்னு இருக்குடா. சரி பண்ணிட்டாங்கன்னியே?"

"அவர் ஏமாத்துறார்க்கா. நாங்க விடமாட்டோம்."

"நீ பாத்துக்குவே," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு மட்டும் இரட்டை நூலில் பின்னி, நானே போட்டுவிட்டேன். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கீழே போய்த் திறந்துவிட்டு வர, ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும். மறுநாள் பெரிய ஊர்வலம் இருந்தது. அது முடியட்டும் என்று விட்டேன்.

நாங்கள் பாடிக்கொண்டே திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்தபடி விறைத்திருந்தாள்.

ஆமாம், மூடியது நான். அவள் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தும் திறக்காமல் போனதும் நான்தான். ஆனால் வாக்குமூலத்தில் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், இன்ஸ்பெக்டர். அவளை வழியனுப்ப ஊரே வந்தது, வெறுந்தலையோடு ஒருவர்கூட இல்லை. நான் இல்லாவிட்டால் அக்காவுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்குமா?