கறுப்புக்குத்தான் தலையாட்டினேன்

வாகனம் வாங்கப் போகிற எங்கள் ஆட்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். பிறகு இலக்கத் தகட்டிலுள்ள எண்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வந்தால் முகம் சுருங்கும். இயந்திரத்தைப் பற்றிய கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதவன் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கிறான்.

நீங்கள் கேட்டது நேற்று மருத்துவமனையில், என் தங்கையின் கட்டிலருகே நடந்ததைப் பற்றி. அதற்கு வருகிறேன். தாதி சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் என்னைப் பற்றிப் பிழையான எண்ணம் வரும். கோடையில் நடந்த விபத்திலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். அந்த விபத்தில் என் தங்கை துஷ்யந்தியின் கணவன் றொஜர் இறந்தான். அவள் பிழைத்தாள். அவர்கள் போன வாகனத்தைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வேலைக்குப் போதும். இந்த வாக்குமூலத்துக்குப் போதாது. அதனால் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்க்கிற அம்மா புதுச்சேரிக்காரர். விளங்காத இடத்தில் அவர் என்னை நிறுத்தலாம்.

என் பெயர் லோறன்ஸ். கூசேன்வில்லில் தனியாக இருக்கிறேன். றுவாசி விமான நிலையத்தில் இழுவை இயந்திரம் ஓட்டுகிறேன். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவதும் பெட்டி வண்டிகளை இழுப்பதும் என் வேலை. அதனால் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் யார் எதை இழுப்பதென்றாலும் என்னைக் கேட்பார்கள். எங்களில் ஒருவரும் தனியாக வாகனம் வாங்கப் போவதில்லை. விஷயம் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் தலையாட்டினால் வாங்குவார்கள். என் தலையாட்டலை நம்பி றொஜரைத் தவிர ஒருவரும் கெட்டதில்லை.

றொஜருக்கு அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடை. அதோடு கலியாணம், சாமத்தியவீடு என்று மண்டபங்களுக்கு மணவறை சோடித்து, சமைத்தும் கொடுப்பான். சாமத்தியவீடு என்றால், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் கொண்டாட்டம். இந்த ஊரில் கலியாணத்தை விடப் பெரிதாகச் செய்கிறார்கள். பிள்ளை பல்லக்கில் வருகிறாள், தேரில் வருகிறாள். ஒவ்வொருவரும் மற்றவர் செய்யாததைக் கேட்கிறார்கள். றொஜருக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய இழுவை வண்டி ஒன்று. மண்டபத்து வாசலில் நிறுத்தி அதன் பக்கச் சுவரைத் திறந்தால் உள்ளே மணவறை தங்க நிறத்தில் நிற்கும். அப்படி ஒரு வண்டியை எங்கேயோ பழையதாக வாங்கியும் விட்டான். அதை இழுக்க, பின்னால் திறந்த தட்டுள்ள ஒரு பிக்கப் வேண்டும் என்றான்.

அந்த வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண இழுவை வண்டி வாகனத்தின் வாலில் கொளுவும். இது அப்படியல்ல. இதன் கழுத்து நீண்டு வந்து, பிக்கப்பின் பின்தட்டில் பூட்டிய வட்டத் தகட்டின் மேல் ஏறி உட்காரும். அதாவது முதுகில். வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் அந்த முதுகில் இருக்கும். அப்படியிருக்க, வாகனம் எவ்வளவு இழுக்கும் என்று கேட்பது பாதிக் கேள்வி. எவ்வளவு சுமக்கும் என்று கேட்க வேண்டும். அது முன்கதவைத் திறந்தால் தெரிகிற ஒரு சின்னத் தகட்டில் எழுதியிருக்கும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

றொஜர் கெட்டவன் அல்ல. இதை எழுதிக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு அடிக்கிற ஆள் அல்ல. என் தங்கையை அவன் ஒரு நாளும் அழவிட்டதில்லை. அவன் அருவருப்பானவன், அவ்வளவுதான்.

கறி கொதிக்கும்போது அகப்பையை நக்குவான். அதே அகப்பையைத் திரும்பவும் கறிக்குள் விடுவான். மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்தவர்களின் தட்டில் கடிபடாத வடை கிடந்தால், எடுத்துச் சட்டையில் ஒற்றி, திரும்பத் தட்டத்தில் அடுக்குவான். நான் பார்ப்பதைக் கண்டால், "ஒண்டும் செய்யாது மச்சான், எண்ணெய்ச் சாமான்" என்பான். கதைக்கும்போது சோற்றுப் பருக்கை பறக்கும். என்னைக் கண்டால் கட்டிப்பிடிப்பான். அவன் கழுத்து வேர்வை என் கன்னத்தில் படும். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைத் தனியாகத் துவைப்பேன்.

துஷ்யந்தி கலியாணத்துக்கு முன் பல வருடம் என்னோடு இருந்தாள். மன்னாரிலிருந்து நான்தான் கூப்பிட்டு எடுத்தேன். எங்களுக்கு வேறு யாரும் இல்லை. அவள் சாப்பிட்டால் சத்தம் வராது. தட்டைப் பார்த்தால்தான் சாப்பிட்டிருக்கிறாள் என்று தெரியும். வீடு அப்படி இருந்தது.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறு அன்று இருவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். மீன் குழம்பு. துஷ்யந்தியின் தொண்டையில் முள் மாட்டியது. றொஜர் சோற்றை உருட்டி அவள் வாயில் வைத்து விழுங்கச் சொன்னான். முள் போகவில்லை. "ஆவெண்டு திற, குஞ்சு" என்றான். அவள் திறந்தாள். குழம்பு காயாத இரண்டு விரலை உள்ளே விட்டான். முள் வந்தது, எச்சில் நூலாக நீண்டு வந்தது. முள்ளை என் தட்டின் விளிம்பில் வைத்தான். பிறகு அந்த விரல்களை நக்கினான்.

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாய் நிறையச் சோறு. "அண்ணையின்ரை மூஞ்சையைப் பாருங்கோ. செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி."

"மச்சானுக்கு ஒரு கலியாணம் கட்டி வைச்சிருக்கவேணும்" என்றான் றொஜர். "இல்லாட்டி இப்பிடித்தான், கை கழுவுற சவர்க்காரத்தோடை குடும்பம் நடத்துவார்."

நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு என் தட்டை எடுத்துக் குப்பையில் போட்டேன். கழுவிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

பிக்கப் பார்க்கப் போனது அதற்கு அடுத்த கிழமை. பொவேக்குப் பக்கத்தில் பிராங்க் என்று ஒருவர் பழைய வாகனங்கள் விற்கிறார். நேர்மையான மனிதர். இந்த விஷயத்தில் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவரிடம் இரண்டு பிக்கப் நின்றன. ஒன்று வெள்ளை. பழையது, அவலட்சணமானது, பின் அச்சில் இரட்டைச் சக்கரம், சுமை தாங்கும் தடித்த வில்தட்டுகள். மற்றது கறுப்பு. தோல் இருக்கை, மென்மையான ஓட்டம், நல்ல இயந்திரம். இழுவைச் சக்தி இரண்டுக்கும் ஒன்றுதான். சுமப்பதில் கறுப்பு, வெள்ளையில் பாதிகூட வராது. நான் இரண்டின் கதவுத் தகட்டையும் பார்த்தேன்.

றொஜர் தகட்டைப் பார்க்கவில்லை. போனில் துஷ்யந்தியைக் கூப்பிட்டு, வீடியோவில் காட்டிக்கொண்டு வாகனங்களைச் சுற்றி வந்தான்.

"கறுப்பு, கறுப்பு" என்று அவள் கத்துவது எனக்கும் கேட்டது.

"பார் மச்சான், மாப்பிளை மாதிரி நிக்குது" என்றான். "மற்றது மரக்கறி ஏத்துற வான். உதிலை போய் மண்டபத்திலை இறங்கினா வெங்காயம் எவ்வளவெண்டு கேப்பாங்கள்."

அவன் தள்ளிப் போனதும் பிராங்க் என்னிடம், எதை இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். கழுத்து வண்டி என்றால் கறுப்பு சரிவராது, வெள்ளையை எடுங்கள் என்றார். இல்லை, வாலில் கொளுவுகிற சின்ன வண்டிதான் என்றேன். அப்படியானால் பரவாயில்லை என்றார்.

றொஜர் வந்து, "என்ன சொல்லுறாய்? எடுப்பமோ?" என்றான்.

நான் தலையாட்டினேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் அவனுக்குப் பொய் சொன்னதாக நீங்கள் எழுத முடியாது.

வட்டத் தகட்டை நான்தான் பூட்டினேன். அது பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். ஒரு சாண் பின்னால் பூட்டினேன். பின்னால் பூட்டினால் சுமை ஏறும்போது வாகனத்தின் மூக்கு கிளம்பும். முன்சக்கரங்கள் தரையை மெதுவாகத்தான் தொடும். வெறும் வண்டியோடு ஓடும்போது ஒன்றும் தெரியாது. பதிவு, சோதனை எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். "நீ இருக்கேக்கை எனக்கென்ன மச்சான்" என்று கட்டிப்பிடித்தான். பல நாள் வெறும் வண்டியோடு ஓடித் திரிந்தான். எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் ஹோர்ன் அடித்தான்.

முதல் முழுச் சுமை பொந்துவாஸ் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்த கலியாணத்துக்கு. அன்று காலை லா கூர்நெவ்வில் இருக்கும் அவன் களஞ்சியத்தில் ஏற்றினார்கள். றொஜரிடம் ஒரு கல்லுப் பிள்ளையார் இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் பைபர் பிள்ளையார் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக மாமல்லபுரத்திலிருந்து கப்பலில் எடுத்தது. நாலு பேர் தூக்கினாலும் முனகுவார்கள். அவனிடம் வேலை செய்கிற சிவமணி ஆட்களோடு சேர்ந்து அதை வண்டியின் கழுத்துப் பகுதிக்குள், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தான். பக்கத்தில் ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்குகள். சாமி முன்னால் போக வேண்டும், கதிரைக்கும் சட்டிக்கும் பின்னால் சாமியை ஏற்றக்கூடாது என்பது சைவக்காரரின் வழக்கம். கழுத்துப் பகுதி என்பது பிக்கப்பின் முதுகு. எங்கள் ஆட்களைத் தவிர, இந்தப் பிழையை வேறு யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

றொஜர் அதைக் கவனித்தான். அவன் முட்டாள் அல்ல. "மச்சான், பின்பக்கம் குந்துது போலை கிடக்கு. பிள்ளையாரை நடுவுக்குத் தள்ளுவமோ?"

"றொஜர் அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ" என்றான் சிவமணி. "சட்டி பானைக்குப் பின்னாலை சாமியோ? நீங்கள் வேதக்காரர், உங்களுக்கென்ன."

"சரி, உங்கடை ஆள் முன்னுக்கே வரட்டும். பசிச்சா நடுவழியிலை இறங்கி மோதகம் கேக்காட்டிச் சரி."

இருவரும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நடுவில் தள்ளியிருந்தால் எடை வண்டியின் சொந்தச் சக்கரங்களில் இறங்கியிருக்கும். அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"சாமி முன்னுக்குத்தான் இருக்கவேணும்" என்றேன்.

நானும் வேதக்காரன், கிறிஸ்தவன்தான். ஆனால் மற்றவர்களின் நம்பிக்கையில் கை வைப்பதில்லை.

இனி நீங்கள் கேட்கப் போவது துஷ்யந்தியைப் பற்றி. அவள் வழக்கமாகச் சேலைப் பெட்டிகளோடு என் காரில்தான் வருவாள். அன்றும் அப்படித்தான் ஏற்பாடு. சிவமணி சமையல் வானில் முன்னால் போய்விட்டான். நான் காரில் ஏறி இருந்தேன். அவள் யன்னலடிக்கு வந்தாள். வாய்க்குள் பொரித்த இறைச்சி ரோல்ஸ்.

"அண்ணை, இண்டைக்கு நான் அவரோடை வாறன். கறுப்பிலை போய் இறங்கினாத்தான் ஒரு எடுப்பு."

ரிசுக் கடதாசியில் சுற்றிய இரண்டு ரோல்ஸை என்னிடம் நீட்டினாள். "சுடச்சுட இருக்கு. ஒண்டிலை கொஞ்சம் கடிச்சுப் பாத்தனான், உறைப்புக் கூடவோ எண்டு. சாப்பிடுங்கோ."

கடித்த இடத்தில் அவளுடைய பல் அடையாளம் ஈரமாகத் தெரிந்தது. உதட்டில் எண்ணெய் மினுங்கியது. கதைக்கும்போது உள்ளே அரைபட்ட இறைச்சி தெரிந்தது. ரோல்ஸை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.

"என்ன அண்ணை, சாப்பிடேல்லையோ?"

"பெல்ட்டைப் போடு" என்றேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கொல்ல நினைக்கிற ஒருவன் பெல்ட் போடச் சொல்ல மாட்டான்.

நான் இடைவெளி விட்டுப் பின்னால் போனேன். மழை தூறியது. பொந்துவாசுக்கு முன் ஓர் இறக்கம், இறக்கத்தின் அடியில் வளைவு. றொஜர் முன்சக்கரங்களைத் திருப்பியிருப்பான். வாகனம் திரும்பவில்லை. பின்னாலிருந்த சுமை தள்ளத் தள்ள நேராகப் போனது. சத்தம் நான் நினைத்ததை விடக் குறைவு. நான் போய்ப் பார்த்தபோது றொஜரின் வாய் திறந்திருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று சொல்ல விரும்பவில்லை. பிள்ளையாருக்கு ஒரு கீறலும் இல்லை. சிவமணி இன்றைக்கும் லா சப்பல் முழுக்க அதைத்தான் சொல்லித் திரிகிறான்.

அளவுக்கு மீறிய சுமை, பிழையான பூட்டு, பிழை ஓட்டுநருடையது என்று விசாரணையில் முடிவானது. பூட்டியது யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

துஷ்யந்தி நினைவில்லாமல் கிடந்தாள். வேலை முடிந்ததும் தினமும் போனேன். குழாயால் சாப்பாடு கொடுத்தார்கள். வாய் மூடியிருந்தது. முகம் அமைதியாக, பழையபடி இருந்தது. நான் பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், இந்த வருடத்தில் நான் நிம்மதியாக இருந்தது அப்போதுதான். அவள் என் வீட்டுக்குத் திரும்பி வந்தது போல இருந்தது.

நேற்று நான் உள்ளே போனபோது தாதி மரி-லூயிஸ் சந்தோசமாக ஓடி வந்தார். குழாயை எடுத்துவிட்டார்கள். கட்டிலை நிமிர்த்தி, அவளுக்கு ஆப்பிள் மசியலைக் கரண்டியால் தீத்திக்கொண்டிருந்தார்கள். நீங்களே தீத்துங்கள் என்று கரண்டியை என் கையில் தந்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார்.

மசியல் அவள் நாடியில் வழிந்திருந்தது. நாக்கு வெளியே வந்து அதைத் தேடியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். றொஜர் இறந்ததை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கதை இதுதான்.

"அண்ணை, அவர் சாப்பிட்டவரோ?"

அதைச் சொல்லும்போது வாயிலிருந்தது என் கையில் தெறித்தது. பிறகு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

மேசையில் ஒரு துவாய் மடித்துக் கிடந்தது. அதை எடுத்து அவள் வாயைத் துடைத்தேன். என் முழங்கால் கட்டிலின் மேல், அவள் நெஞ்சில் இருந்ததாக மரி-லூயிஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டில் உயரமானது. ஊன்றாமல் எட்டாது. அவள் கையை அசைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளும் முகம் துடைக்கும்போது அப்படித்தான் செய்யும். மூன்று பேர் சேர்ந்து என்னை இழுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சொல்லியிருந்தால் நானே விட்டிருப்பேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்கிறீர்கள். நல்லது.

துவாயை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க நினைத்தாய் என்று கேட்கிறீர்கள்.

சுத்தமாகும் வரைக்கும்.