ஏழாவது பந்தயத்தின் மனு

என் வலது முழங்காலுக்குப் பலத்த காற்று ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் ஐயா. காற்று கூடினால் ஒற்றை ஆள் பாய்ப்படகு ஒரு பக்கமாகச் சாயும். நடுவில் இழுத்துக் கட்டிய பட்டைக்குள் பாதங்களைச் செருகி, உடம்பை வெளியே தொங்கவிட்டு அதை நிமிர்த்த வேண்டும். பாரம் முழுக்க முழங்காலில்தான். அன்று காலை கிளப் கொடி காற்றில் விறைத்து நின்றதைப் பார்த்ததுமே முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

வருடத்துக்கு ஏழு பந்தயம். முதலில் வருபவருக்கு ஒரு புள்ளி, இரண்டாமவருக்கு இரண்டு. கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர்தான் சாம்பியன். ஆறு முடிந்திருந்தன. நான் முன்னால், பல் டாக்டர் இரண்டே புள்ளி பின்னால். பத்தொன்பது வருடமாக நான் இரண்டாவது. இரண்டாவது வந்தவன் பெயரைக் கிளப்பின் சாம்பியன் பலகையில் எழுத மாட்டார்கள். அந்தக் காற்றில் பல் டாக்டர் பறப்பார், நான் பன்னிரண்டாவதாக ஊர்ந்து வருவேன்.

ஆனால் எங்கள் விதிப்புத்தகம் நியாயமானது. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் பந்தயத்தை விட்டவர் மனு கொடுக்கலாம். அதுவரை வாங்கிய புள்ளிகளின் சராசரியை அந்தப் பந்தயத்துக்கு அவருக்குப் போட்டுக் கொடுப்பார்கள். என் சராசரி இரண்டு. பல் டாக்டர் முதலில் வந்தாலும் எனக்கு அது போதும்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், அந்த வருடம்தான் படகு ஓட்டப் பழகினார். நான்தான் அழைத்து வந்தேன். எப்போதும் கடைசி. கிளப்பில் ‘நங்கூரம்’ என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கரையில் அவரே கூப்பிட்டார். “மச்சான், பட்டை முடிச்சு சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க. நீங்க பாத்தாத்தான் எனக்குத் தைரியம்.”

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவிழ்த்து, பாதி முடிச்சாகப் போட்டேன்.

மிதவைச் சட்டை பற்றிக் கேட்டீர்கள். நல்ல சட்டை போட்டவர் விழுந்தால் தக்கை மாதிரி மிதப்பார். அதை நடுவர்கள் ஆபத்தென்று ஒப்புக்கொள்வதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருவருடைய மனுவை அப்படித்தான் தள்ளினார்கள். அதனால் என் பழைய சட்டையைக் கொடுத்தேன். உள்ளே ஃபோம் நைந்துபோய்த் தண்ணீர் குடிக்கும். “உங்களுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு மாப்ள” என்றேன். அவருக்குக் கொஞ்சம் நீச்சல் தெரியும்.

“அண்ணா, அவரைப் பாத்துக்கோ” என்றாள் தங்கை. தலையாட்டினேன்.

இரண்டாவது சுற்றில் திடீரென்று ஒரு காற்று வீச்சு. அவர் வெளியே சாய்ந்தார், முடிச்சு விட்டது, மல்லாக்க விழுந்தார். படகு கவிழ்ந்து அலையோடு விலகிப் போனது. நான் நாற்பது அடி தூரத்தில் இருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. “மச்சான், இங்க!” என்று கையைத் தூக்கினார்.

நடுவர் படகு எல்லைக்கோட்டருகே பல் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சி இல்லாத மனு நிற்காது. அதனால் மாப்பிள்ளையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தேன். நடுவர்கள் திரும்பவில்லை. இன்னொரு வட்டம். அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். புரிந்துவிட்டதோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்றாவது வட்டத்தில் அவர் தலை தெரியவில்லை. அப்போதுதான் நடுவரின் பைனாகுலர் என் பக்கம் திரும்பியது. உடனே குதித்தேன். முழங்காலைக்கூட நினைக்கவில்லை.

கரையில் அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார்கள். தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனு கொடுக்க அரைமணி நேரம்தான் அவகாசம். அவள் விரல்களை மெல்ல விடுவித்துவிட்டு, ஈரக் கையோடு படிவத்தை நிரப்பினேன். கடைசிக் கேள்வி எல்லாப் படிவத்திலும் உள்ளதுதான்: ‘நேர்ந்த இழப்பில் உங்கள் தவறு ஏதேனும் உண்டா?’ ‘இல்லை’ என்று எழுதினேன்.

மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மனு வேறு விஷயம், ஐயா. நான் பந்தயத்தை விட்டது அவரைக் காப்பாற்றத்தான், பார்த்த சாட்சியும் இருக்கிறது. அந்த ‘இல்லை’யை நான் அடிக்க மாட்டேன்.