ஏற்றாத விளக்கு

ராஜஸ்ரீ: "ஆடியென்னும் கர்க்கடகம் வந்துவிட்டது. வானம் தன் பாரத்தை மெல்ல இறக்கிவைக்கிறது. குளத்துப் படிகள் ஒவ்வொன்றாக நீருக்குள் மறைகின்றன. பறவையும் பாதையும் வாய்மூடி நிற்கும் இந்நாட்களில், நெடுங்காலம் பேசாதிருந்த ஒரு குரல், தனக்கு இன்னும் பாட்டு மிச்சமிருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது..." எப்படி இருக்கு? இன்னிக்கு ஆல்பம் வெளியீட்டு மேடையில முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் பாட்டு.

வெங்கிடேஷ்: நன்னாருக்கு. ஆனா பாப் ஆல்பம் கேக்க வந்த பசங்க, உபன்யாசம்னு நினைச்சு எழுந்து போயிடுவா.

ராஜஸ்ரீ: உங்க பிள்ளை பொண்டாட்டிக்குத் தைரியம் கொடுக்கற அழகைப் பாருங்கோம்மா.

சீதாலக்ஷ்மி: கேலி போறும்டா. ராஜி, நாழியாறது. சுவாமி விளக்கை ஏத்திட்டுக் கிளம்பு.

ராஜஸ்ரீ: தினம் நீங்கதானேம்மா ஏத்துவேள்?

சீதாலக்ஷ்மி: இன்னிக்கு இடுப்பு பிடிச்சுண்டிருக்கு. குனிய முடியலே.

ராஜஸ்ரீ: காலம்பற குனிஞ்சு ஸ்மிதாவுக்கு ஷூ மாட்டி விட்டேளே?

சீதாலக்ஷ்மி: அதுலதான் பிடிச்சுண்டது.

ராஜஸ்ரீ: ஏன்னா, அப்போ நீங்க ஏத்துங்கோ.

வெங்கிடேஷ்: நானா... நான் இன்னும் குளிக்கலே.

ராஜஸ்ரீ: தலை ஈரமா இருக்கே?

வெங்கிடேஷ்: மழை.

ராஜஸ்ரீ: வீட்டுக்குள்ளயா... சரி, இருங்கோ. வெந்நீர் குடிச்சுட்டு வரேன். மேல் ஸ்தாயி காலம்பறலேந்து நிக்கவே மாட்டேங்கறது. ஸ்மிதா பிறந்தா, அப்புறம் அம்மா இடுப்பு ஒடிஞ்சுது... பாட்டை மூட்டை கட்டிப் பரண்ல போட்டாச்சு. இப்போ அவிழ்த்தா உள்ளே குரல் இருக்குமோ, என்னமோ...

வெங்கிடேஷ்: ரெக்கார்டிங்ல இருந்துதே.

ராஜஸ்ரீ: அங்கே நிறுத்தி நிறுத்திப் பாடலாம். மேடையில அது நடக்காது, கேட்டேளா. இன்னிக்குச் சறுக்கினா இனிமே ஒருத்தரும் கூப்பிட மாட்டா. கூட வாசிக்கற பிரணவ் வேற, பாவம், கிட்டாரைத் தூக்கிண்டு மத்தியானமே போயாச்சு... உங்க ஃபோன் அடிக்கறது.

வெங்கிடேஷ்: ராங் நம்பர்.

ராஜஸ்ரீ: எடுக்காமலேயே தெரியுமா?

சீதாலக்ஷ்மி: நீ வெந்நீரைக் குடி... அப்புறம், கோவிலுக்குப் போகவேண்டாம். நேரா மேடைக்குப் போ.

ராஜஸ்ரீ: ஆல்பத்தை பென்டிரைவ்ல போட்டாவது வராகர் சந்நிதியில வெச்சுட்டுத்தான் பாடணும்னு நேத்து யாரு சொன்னா?

சீதாலக்ஷ்மி: நான்தான். நேத்து மழை இல்லே.

ராஜஸ்ரீ: குடை இருக்கு.

சீதாலக்ஷ்மி: நனைஞ்சா தொண்டை கட்டிக்கும். சொன்னாக் கேளு.

ராஜஸ்ரீ: அது போகட்டும். என் பையில, பட்டுக்கு அடியில, நூல் புடவை எதுக்கும்மா?

சீதாலக்ஷ்மி: வேர்த்தா மாத்திக்க.

வெங்கிடேஷ்: அம்மா... போறும்மா. சொல்லிடலாம்.

சீதாலக்ஷ்மி: வாயை மூடுடா.

ராஜஸ்ரீ: என்ன சொல்லணும்?

வெங்கிடேஷ்: ஒண்ணுமில்லே... நீ விளக்கை ஏத்து, ராஜி.

ராஜஸ்ரீ: தீப்பெட்டி நமுத்துப் போச்சு.

சீதாலக்ஷ்மி: அடுக்களையில லைட்டர் இருக்கு.

ராஜஸ்ரீ: அம்மா... என்னால முடியாது.

சீதாலக்ஷ்மி: ஏன்?

ராஜஸ்ரீ: உங்க ரெண்டு பேராலயும் ஏன் முடியலையோ, அதனாலதான்.

வெங்கிடேஷ்: ...உனக்கு யாரு சொன்னா?

ராஜஸ்ரீ: திருநெல்வேலிலேந்து உங்க பெரியப்பாவோட பொண்ணு. காலம்பற முதல்ல என்னைத்தான் கூப்பிட்டா. பெரியப்பா தூக்கத்திலேயே போயிட்டாராம். உங்களுக்குத் தெரிஞ்சா தீட்டு, மேடையும் வேண்டாம்னுடுவேள்னு பயந்து... மறைச்சுட்டேன். ஆனா தெரிஞ்சுண்டே தீட்டோட சுவாமி விளக்கைத் தொடக் கை வரலே.

வெங்கிடேஷ்: அடுத்தாப்ல எனக்கும் கூப்பிட்டா. பங்காளி சாவு காதுல விழுந்தாத்தானே தீட்டு? நீ கேக்கலேன்னா உனக்குக் கிடையாது, விளக்கேத்திட்டு நிம்மதியாப் போய்ப் பாடட்டும், அப்புறமாச் சொல்லிக்கலாம்னு அம்மாதான்... கோவிலுக்கு அனுப்பத்தான் அவளுக்கு மனசு வரலே.

ராஜஸ்ரீ: ஃபோன்ல என் குரல் கேட்டா, "எப்போம்மா மறுபடி பாடப்போறே?"ன்னுதான் ஆரம்பிப்பார். அவரை அங்கே கிடத்தி வெச்சுட்டு நான் இங்கே...

வெங்கிடேஷ்: பிள்ளை துபாய்லேந்து வரணும். நாளைக்குத்தான் எடுக்கறா.

ராஜஸ்ரீ: அப்போ நான் பாடலாமா, கூடாதா? அம்மா, நீங்க சொல்லுங்கோ. கூடாதுன்னா இப்பவே பிரணவைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிடறேன்.

சீதாலக்ஷ்மி: கோவில் வேண்டாம். விளக்கும் வேண்டாம். பூஜையறை நிலைக்கு வெளியில நில்லு. கண்ணை மூடிண்டு, அவரையும் நினைச்சுண்டு, அந்த முதல் பாட்டை ரெண்டு வரி பாடு. சுவாமிக்குக் கேக்கும். குரல் மேலே நின்னா போ.

ராஜஸ்ரீ: "ஆழியுள் ஆழ்ந்த நிலமகளை
எயிற்றில் ஏந்தி எழுந்தவனே...
ஆழ்ந்து கிடக்கும் என்குரலும்
ஏந்தி எழுவாய், வராகனே..."

வெங்கிடேஷ்: நின்னுது ராஜி... மேலேயே நின்னுது.

ராஜஸ்ரீ: அம்மா, நமஸ்காரம் பண்ணிக்கறேன்...

சீதாலக்ஷ்மி: வேண்டாம், தீட்டுல நமஸ்காரம் கூடாது. நிமிர்ந்து நில்லு. வேர்த்தா மாத்திக்கன்னு சொன்னது பொய். பாடி முடிச்சதும் பட்டை மடிச்சு வெச்சுட்டு, அந்த நூல் புடவையைக் கட்டிண்டு, மேடையிலேந்து நேரா திருநெல்வேலிக்குப் போகணும். காலம்பறயே அதுக்குத்தான் எடுத்து வெச்சேன். பாடாம போனியானா, அங்கே கிடக்கறவர் கேப்பார்... போயிட்டு வா, குழந்தே. உன் குரல் தீர்க்காயுசா இருக்கட்டும்.